இடப்பக்கத்துப் பிள்ளை

வான் ஒழுங்கைக்குள் திரும்பியதும் பிரதாபன் சாரதியிடம், "அண்ணை, மெதுவா விடுங்கோ, குழி கிடக்கு" என்றான். தங்கள் ஊரான முத்தையன்கட்டிலிருந்து கிளிநொச்சி வரும்வரை இதை எத்தனை தடவை சொன்னானோ தெரியாது. பின்னாசனத்தில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்த சிவதர்சினி ஒவ்வொரு குழிக்கும் கண்ணை மூடித் திறந்தாள். அவளுக்கு நான்காம் மாதம். கருப்பையின் வாயில் தையல் போட்டு ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

வீடு ஒழுங்கையின் முடிவில் இருந்தது. பழைய ஓட்டு வீடு, சொந்தக்காரர்கள் கனடாவில். சுவரில் துவக்குச் சூடுபட்ட இடங்களைச் சீமெந்தால் அடைத்து மேலே மஞ்சள் வர்ணம் அடித்திருந்தார்கள். அடைத்த இடங்கள் மட்டும் வெயிலில் வேறு நிறமாய்த் தெரிந்தன. முற்றத்தில் ஒரு வேம்பு, பின்னால் கிணறு. ஆஸ்பத்திரி கிட்ட. அதற்காகத்தான் இந்த வீட்டை எடுத்தார்கள். முதல் பிள்ளையின்போது முத்தையன்கட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முன்பே எல்லாம் முடிந்திருந்தது.

திறப்போடு வாசலில் நின்றவள் தங்கம்மா. மலையகத்திலிருந்து தாய் தகப்பனோடு சிறு வயதில் வன்னிக்கு வந்து குடியேறியவள். பக்கத்து வளவில் இருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்வதும், இனிமேல் பகலில் வந்து சிவதர்சினிக்குச் சமைத்துக் கொடுப்பதும் அவள் பொறுப்பு.

"வாங்க புள்ள. பாத்து, படி ஒசரம்" என்று கையைப் பிடித்து ஏற்றினாள்.

பிரதாபன் பைகளோடு உள்ளே போன பிறகும் தங்கம்மா கதவைப் பிடித்தபடியே நின்றாள். பின்னால் இன்னும் யாரோ வருவதற்காகக் காத்திருப்பவள்போல முற்றத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா?" என்று பிரதாபன் கேட்டான்.

"மூணு பேரு எறங்கின மாதிரி இருந்துச்சு."

"வயித்தில இருக்கிறதையும் சேத்தா மூண்டுதான்" என்று அவன் சிரித்தான். தங்கம்மாவும் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அறையில் கட்டில் ஏற்கனவே போடப்பட்டிருந்தது. வலப்பக்கம் சுவர். இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி யன்னல். கால்மாட்டுக் கால்களுக்குக் கீழே பிரதாபன் செங்கல் வைத்து உயர்த்தினான். டொக்டர் சொன்னபடி சிவதர்சினி மலசலகூடத்துக்குப் போவதற்கு மட்டும் எழும்பலாம். மற்ற நேரமெல்லாம் படுக்கை.

"பிள்ளை வெளியில வரும்வரைக்கும் இதுதான் உம்மட ஊர்" என்றான் பிரதாபன்.

அவள் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு பெண்பிள்ளை. ஐந்தாம் மாதம் முடிகிற நேரம் நோ எடுத்து, வழியிலேயே பன்னீர்க்குடம் உடைந்து, ஆஸ்பத்திரியில் பிறந்தபோது மூச்சில்லை. "பாக்கிறீங்களோ?" என்று தாதி கேட்டாள். சிவதர்சினி தலையை மறுபக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரதாபன்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் வயல் வாய்க்கால் ஓரத்தில் குழி வெட்டித் தாட்டான்.

அதற்குப் பிறகுதான் ஸ்கான் எடுத்துப் பார்த்த பெரிய டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். அவளுடைய கருப்பை மற்றவர்களுடையதுபோல ஒன்றாக இல்லை. நடுவால் பிரிந்து, வலம் இடம் என்று இரண்டு ஒடுக்கமான பைகளாக இருந்தது. அவள் பிறக்கும்போதே அப்படி. பிள்ளை இடப்பக்கத்துப் பையில் தங்கியிருந்தது. வளர்ந்ததும் இடம் காணவில்லை.

"திரும்பவும் தங்கும். ஆனால் திரும்பவும் இப்படி நடக்கலாம்" என்றார் டொக்டர். "யோசிச்சுச் செய்யுங்கோ."

அவர்கள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் காத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் அவள் கிணற்றடியில் துணியை ஊறப்போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போனாள். பிரதாபனும் கேட்காமலிருக்கப் பழகினான். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள். ஊசி போட்டார்கள். சொந்தக்காரர்களின் பிள்ளை பிறந்த துடக்கு வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் தங்கியபோது சிவதர்சினிக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

"இந்த முறை வலப்பக்கம்" என்றார் டொக்டர், ஸ்கான் திரையைப் பார்த்து. "அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிசு. பாப்பம்."

சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டிருந்த காலம். பிரதாபன் விடிய வெள்ளென மோட்டார் சைக்கிளில் முத்தையன்கட்டுக்குப் போய் வயலைப் பார்த்துவிட்டுப் பொழுதுபட முன் வந்துவிடுவான். இடையில் இருந்த நீண்ட பகல் சிவதர்சினிக்கு. சோளகக்காற்று வேம்பை அலைக்கழித்து யன்னல் சீலையை உள்ளே தள்ளும். புழுதி மணக்கும். தூரத்தில் ரயில் போகும். தங்கம்மா குசினியில் தேங்காய் திருவுகிற சத்தம் கேட்கும். அதுவும் நின்றபின் வெயில் மட்டும் இருக்கும்.

அப்படி ஒரு மத்தியானம்தான் வயிற்றுக்குள் முதல் அசைவு வந்தது.

சிறு மீன் திரும்பியதுபோல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திரும்பவும் வந்தது. கையை வைத்துப் பார்த்தாள்.

இடப்பக்கம்.

அடுத்த கிளினிக்கில் அதைச் சொன்னாள். டொக்டர் ஸ்கான் கருவியை வலப்பக்கம் வைத்தார். பிள்ளை தெரிந்தது, நெஞ்சு துடித்தது. பிறகு இடப்பக்கம் வைத்து அழுத்தினார். திரை கறுப்பாயிருந்தது.

"இஞ்ச ஒண்டும் இல்லை. வாயுவாயிருக்கும்."

வீட்டுக்கு வந்து படுத்தாள். வாயு மூன்று முறை உதைத்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மத்தியானமும். வலப்பக்கத்துப் பிள்ளை இன்னும் வெளியே தெரிகிற அளவுக்கு அசையத் தொடங்கவில்லை. இடப்பக்கம் நன்றாக அசைந்தது. பிறகு அவள் நித்திரையாகி எழும்பும் நேரங்களில் சட்டையின் இடப்பக்கம் நனைந்திருந்தது.

பால்.

முதல் பிள்ளை போன இரண்டொரு நாளில் பால் சுரந்தது. சுரக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. குடிக்க ஆளில்லாமல் மார்பு கல்லாகி நொந்தது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்றப்பண்ணினார்கள். அந்த நோ இன்னும் அவளுக்கு நினைவிருந்தது. இப்போது நோ இல்லை. இடது மார்பு மட்டும் சுரந்தது. வலது மார்பு காய்ந்து கிடந்தது.

ஒரு நாள் மத்தியானம் தங்கம்மா சோற்றுக் கோப்பையோடு அறைக்குள் வந்தாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். பிறகு கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் குசினிக்குத் திரும்பிப் போய், இன்னொரு சிறு தட்டோடு வந்தாள். அதில் பருப்பு விட்டுக் குழைத்த சோறு கொஞ்சம்.

சிவதர்சினி கண்விழித்தாள். "இது ஆருக்கக்கா?"

"புள்ளைக்கு."

"எந்தப் பிள்ளைக்கு?"

தங்கம்மா கட்டிலின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். தட்டைக் கதிரையில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இப்ப இங்கன படுத்திருந்துச்சே. ஓங்க சொந்தக்காரப் புள்ளன்னு நெனச்சேன்."

"ஒருத்தரும் வரேல்லையே."

"பொம்பளப் புள்ள. ரெண்டு வயசு இருக்கும். மொகத்த ஓங்க நெஞ்சுல வச்சிருந்துச்சு, நான் பாக்கல. முடி நனைஞ்சிருந்துச்சு." அவள் குரல் இறங்கியது. "பால் குடிச்சிக்கிட்டிருந்துச்சு புள்ள."

வெளியே வெயில் எரிந்தது. வேம்பில் காகம் ஒன்று கத்தியது.

சிவதர்சினி இடப்பக்கத்து விரிப்பைத் தடவிப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஒரு குழந்தை படுத்து எழும்பிய அளவுக்குப் பள்ளம். பள்ளத்தில் ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வாய்க்கால் சேற்றின் மணம்.

அன்றிலிருந்து தங்கம்மா அறைக்குள் வருவதில்லை. சாப்பாட்டை வாசலில் கதிரைமேல் வைத்துவிட்டு, "புள்ள, சாப்பாடு" என்று சொல்லிப் போய்விடுவாள்.

அந்தப் பின்னேரம் முழுக்கச் சிவதர்சினி பயத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பிரதாபனிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். மறுநாள் மத்தியானம் கண்ணை மூடிப் படுத்துக் காத்திருந்தபோதுதான் தன் பயம் எங்கோ போய்விட்டதை அறிந்தாள்.

இருந்திருந்தால் இப்போது இரண்டு வயது. நடந்திருப்பாள். கதைக்கத் தொடங்கியிருப்பாள்.

கட்டில் இடப்பக்கம் மெல்ல அமிழ்ந்தது.

சேற்று மணம் வந்தது. ஈரமான தலை ஒன்று கைமடிப்பில் வந்து பொருந்தியது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் போய்விடும் என்று நினைத்தாள். சட்டைப் பொத்தானைத் தானே கழற்றிவிட்டாள்.

கிழமைக்கு ஒருமுறை மேனுகா மிஸ்ஸி வருவாள். அந்தப் பகுதியில் கர்ப்பிணிகளை வீடு தேடி வந்து பார்க்கும் குடும்பநல மாது. இளம்பெண், வயிற்றில் கை வைக்க முன் கையை உரசிச் சூடாக்கிக்கொள்வாள்.

"மிஸ்ஸி, எனக்கு இப்பவே பால் வருது."

"சிலபேருக்கு வரும் அக்கா. பயப்பிடாதேங்கோ. துடைச்சு விடுங்கோ, அவ்வளவுதான். ஆனா அமத்தவோ இழுக்கவோ கூடாது."

"ஏன்?"

"பிள்ளை குடிக்கேக்க கருப்பை இறுகும். பிள்ளைப்பெத்த ஆக்களுக்கு அது நல்லது. பால் குடிக்கிற பிள்ளையோட அடுத்ததையும் வயித்தில வைச்சிருக்கிற தாய்மார் இருக்கினம், அவைக்கும் பெரும்பாலும் ஒண்டும் செய்யாது. உங்கட கருப்பை அப்பிடியில்லை. சும்மாவே இடம் காணாது. உங்களுக்கு இறுகவே கூடாது."

மேனுகா வயிற்றில் கையை வைத்தாள். அவள் புருவம் சுருங்கியது. "இப்ப இறுகியிருக்கே. எத்தினை நாளா இப்பிடி?"

சிவதர்சினி சட்டையை இழுத்து மூடினாள். மிஸ்ஸி போனதும் சேலைத் துண்டொன்றைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டினாள்.

மத்தியானம் கட்டில் அமிழ்ந்தது. சிறு விரல்கள் கட்டைத் தேடின. முடிச்சைப் பிடித்து இழுத்தன.

"இல்லையம்மா" என்று அவள் கண்ணை மூடியபடியே முணுமுணுத்தாள். "தம்பியோ தங்கச்சியோ உள்ளுக்கு இருக்கு. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளு. வெளியில வந்தாப்பிறகு ரெண்டு பேருக்கும் தாறன்."

விரல்கள் நின்றன.

பிறகு ஒரு வாய் துணியோடு சேர்த்துக் கடித்தது.

அன்று பொழுதுபடும் நேரம் பிரதாபன் வந்தான். வழக்கம்போல வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவந்து துவாயை நனைத்து அவள் முதுகைத் துடைத்தான். கழுத்தைத் துடைத்தான். மார்புக் கட்டைக் கண்டு, "இது ஏன்?" என்று கேட்டுக்கொண்டே அவிழ்த்தான். அவன் கை அப்படியே நின்றது.

இடது மார்பில் சிவந்த இரண்டு வளைவுகள். மேலே இரண்டு பல், கீழே நாலைந்து. அரிசி மணி அளவான பற்கள்.

"என்ன இது?"

"கடிச்சிட்டாள்."

"ஆர்?"

"எங்கட மூத்தவள்."

பிரதாபன் கதிரையில் உட்கார்ந்தான். துவாயிலிருந்து தண்ணீர் நிலத்தில் சொட்டியது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், அசைவு, பால், தங்கம்மா கண்டது. சொல்லும்போது அவள் குரலில் பயமில்லை. அதுதான் அவனைப் பயப்படுத்தியது. பைத்தியம் என்று சொல்லலாமென்று நினைத்தான். ஆனால் அந்தப் பற்களின் அடையாளம் அவளுடைய வாய் எட்டாத இடத்தில் இருந்தது.

அடுத்த நாள் அவன் வயலுக்குப் போகவில்லை. ஊர் அம்மன் கோயில் பூசாரியார் வீரகத்தியிடம் போய் ஒரு மஞ்சள் நூல் ஓதி வாங்கிக்கொண்டு வந்தான். அவர் வேறொன்றும் கேட்கவில்லையாம். "பிள்ளைத்தாச்சிக்கோ?" என்று மட்டும் கேட்டாராம்.

அவன் நூலை எடுத்ததும் சிவதர்சினி கையை இழுத்துக்கொண்டாள்.

"இதைக் கட்டினா அவள் வரமாட்டாள் என்ன?"

"உள்ளுக்கிருக்கிறது நிக்கவேணும் தர்சினி. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"அவளும் எங்கட பிள்ளைதானே."

"அவளை என்ர கையால தாட்டனான்" என்றான் பிரதாபன். "நீர் பாக்கேல்லை. நான் பாத்தனான். அவள் போயிட்டாள். கையைத் தாரும்."

அவள் கையைக் கொடுத்தாள்.

நூல் கட்டிய நாளிலிருந்து ஒன்றும் வரவில்லை. கட்டில் அமிழவில்லை. சேற்று மணம் இல்லை. இடது மார்பு வற்றியது, கடித்த அடையாளம் மங்கியது. வயிற்றின் இறுக்கம் தளர்ந்தது. இரண்டு கிழமை கழித்து வலப்பக்கத்தில் பிள்ளை அசைந்தது. சின்ன, தயக்கமான அசைவு. அன்று பிரதாபன் வயலுக்குப் போகாமல் பின்னேரம் வரை அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தான். இறால் வாங்கி வந்து தானே பொரித்தான். கனடாக்காரர் வீட்டு அலுமாரியை நகர்த்தித் தொட்டில் எங்கே போடலாமென்று அளந்தும் பார்த்தான்.

"வளர்த்தி நல்லாயிருக்கு" என்றார் டொக்டர். "இன்னும் கொஞ்சக் காலம் தாக்காட்டினால் போதும். பிறகு முந்திப் பிறந்தாலும் காப்பாத்திப் பாக்கலாம்."

தங்கம்மாகூட அறை வாசலைத் தாண்டி வந்து கட்டில் விரிப்பை மாற்றிவிட்டாள்.

சிவதர்சினி எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். மத்தியானங்களில் மட்டும் இடப்பக்கத்து வெறும் விரிப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அந்தச் சத்தம் தொடங்கியது சோளகம் ஓய்ந்த ஒரு பகலில். காற்றில்லாதபடியால்தான் கேட்டது.

யன்னலுக்கு வெளியே, சுவரின் அடியில்.

அழுகை இல்லை. அழுதிருந்தால் அவள் காதைப் பொத்தியிருப்பாள். அது ஒரு பிள்ளை தன் விரலைத் தானே சப்பும் சத்தம். காய்ந்த சத்தம். சப்பும், நிற்கும், மூச்சு வாங்கும், திரும்பச் சப்பும்.

குசினியில் தங்கம்மாவின் அகப்பை நின்றது. அவளுக்கும் கேட்டிருக்கவேண்டும். விரைந்து வந்து, வெளியே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யன்னல் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கேக்காதீங்க புள்ள. தூங்குங்க."

"வெயிலுக்குள்ள இருக்கிறாள் அக்கா."

"தூங்குங்க."

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. நிற்கிற நேரம் நீண்டது. சுவரை ஏதோ மெல்லச் சுரண்டும். நகம் இல்லாத விரலால் சுரண்டுவதுபோல.

கடைசி நாள், அன்று தங்கம்மா தன் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலென்று சமைத்து வைத்துவிட்டு வெள்ளெனப் போயிருந்தாள். சிவதர்சினி காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். சத்தம் ஒரு தடவை வந்தது. பிறகு வெகுநேரம் வரவில்லை.

சாகிறாள் என்று நினைத்தாள். இரண்டாந்தரம் சாகிறாள். முதல் தரம் அவள் போகும்போது சிவதர்சினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வலப்பக்கத்தில் பிள்ளை அசைந்தது. அவள் அந்த இடத்தில் கையை வைத்தாள்.

"கொஞ்சம்தான்" என்றாள் அதனிடம். "ஒருக்கா மட்டும். அக்காவுக்குப் பசிக்குது."

மணிக்கட்டை வாயருகே கொண்டுபோய் நூலைப் பல்லால் கடித்தாள். இலேசாகத்தான் இருந்தது. அறுந்தது.

"வா."

யன்னல் திறக்கவில்லை. கதவு திறக்கவில்லை. கட்டில் அமிழ்ந்தது.

இந்த முறை பாரம் கூட. சேறு மணத்தது. வாய் வந்து பற்றியது. அது ஆசையோடு குடிக்கவில்லை. பட்டினி கிடந்த பிள்ளை குடிப்பதுபோல, மூச்சுவிட மறந்து குடித்தது. பால் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியவில்லை. வற்றியிருந்த மார்பு திரும்பவும் சுரந்தது.

வயிறு இறுகியது.

தளர்ந்தது. திரும்ப இறுகியது.

"போதும்" என்றாள்.

விடவில்லை.

"போதும் பிள்ளை. தம்பிக்கு நோகும்."

தள்ளிவிடுவதற்காக அதன் தலையில் கை வைத்தாள். ஈரமான, மெல்லிய முடி. உச்சியில் மென்மையான ஒரு பள்ளம், அதற்குள் துடிப்பு. அவள் கை தள்ளவில்லை. தடவியது.

அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

கட்டிலில் யாரும் இல்லை. வெறும் விரிப்பு, அதில் விழுந்து கிடந்த மஞ்சள் நூல். ஆனால் அவளுடைய உள்ளங்கைக்குக் கீழே முடி இருந்தது. முடிக்குக் கீழே துடிப்பு இருந்தது.

வலப்பக்கத்துப் பிள்ளை பலமாக ஒரு உதை உதைத்தது. பிறகு கால்களுக்கிடையில் சூடாக ஏதோ வழிந்தது.

பிரதாபன் வந்தபோது அவள் நினைவில்லாமல் கிடந்தாள். ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி கிட்டத்தான். தையலைப் பிய்த்துக்கொண்டு பிள்ளை வந்துகொண்டிருந்தது. கருப்பையின் வலப்பக்கமும் கிழிந்திருந்தது. ஆண்பிள்ளை. சிறிது நேரம் மூச்சிருந்தது. இந்த முறை தாதி கேட்க முன்பே, நினைவு திரும்பிய சிவதர்சினி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். மூச்சு நிற்கும்வரை பார்த்தாள். பிறகு அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இரத்தம் நிற்காததால் கருப்பையை எடுத்தார்கள்.

பெரிய டொக்டர் கட்டிலடியில் வந்து நின்றார். அவரும் களைத்துப்போயிருந்தார்.

"நீங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை அம்மா. எவ்வளவு கவனமாயிருந்தாலும் உங்களுக்கு இது நடந்திருக்கும். உள்ளுக்கு இடம் காணாது, அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். நம்பினாளோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிரதாபன் பிள்ளையை வாங்கிக்கொண்டு தனியே முத்தையன்கட்டுக்குப் போனான். இரண்டு கையிலும் ஏந்தத் தேவையில்லை. ஒரு கை போதும். மூத்தவளுக்குப் பக்கத்தில் தோண்டித் தாட்டான். துணியை மண்ணுக்குள் இறக்கிய பிறகும் அந்த நிறை வெகுநேரம் அவன் கையில் இருந்தது.

சிவதர்சினியை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குக் கொண்டுபோனார்கள். சாமான்களை ஏற்றப் பிரதாபன் மட்டும் கிளிநொச்சி வீட்டுக்கு வந்தான். தங்கம்மா எல்லாவற்றையும் கட்டி முற்றத்தில் வைத்திருந்தாள். வீட்டைக் கழுவியிருந்தாள்.

"ஒண்டும் கேக்குதோ அக்கா?" என்று அவன் தயங்கிக் கேட்டான்.

"இல்ல தம்பி. நீங்க போன அன்னைக்கே வீடு வெறிச்சுன்னு போயிருச்சு."

அவனுக்கு அது ஆறுதலாயிருந்தது. வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

ஊரில் அறுவடை தொடங்கியது. சிவதர்சினி எழும்பினாள், நடந்தாள், சமைத்தாள். அழவில்லை. ஆட்கள் துக்கம் கேட்க வந்தால் தேத்தண்ணி கொடுத்தாள். போகும்போது வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "தேறிட்டாள்" என்று எல்லோரும் சொன்னார்கள். பிரதாபனும் அப்படித்தான் நினைத்தான். பிள்ளை இல்லாமலே இருவரும் வயதாகிப்போவோம் என்று ஒரு இடத்தில் மனதை நிறுத்திக்கொள்ளப் பார்த்தான்.

ஒரு நாள் நெல் வெட்டு முடிந்து மத்தியானம் வந்து சாப்பிட்டான். வெயில் கடுமையாயிருந்தது. அறையில் சிவதர்சினி நிலத்தில் பாய் போட்டு மல்லாந்து படுத்திருந்தாள். அவளுடைய இடப்பக்கத்தில் இடம் இருந்தது. அவன் அந்த இடத்தில் கையை நீட்டிச் சரிந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. கண் செருகியது.

கைமேல் ஏதோ பாரம் வந்தது. அவள் தலையை வைத்திருக்கிறாள் என்று அரைநித்திரையில் நினைத்தான். வியர்த்த, சூடான தலை. முடி ஈரம்.

தலை சின்னதாயிருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான். சிவதர்சினி எட்டத்தான் கிடந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் அவள் நெஞ்சில் இருந்தன. அவன் கைமேல் ஒன்றுமில்லை. தோலில் மட்டும், மெல்லிய மூச்சு ஒன்று பட்டுப் பட்டுப் போனது.

கையை இழுக்கப் பார்த்தான். அதற்குள், மல்லாந்திருந்த அவனுடைய உள்ளங்கைக்குள் இன்னொன்று வந்து படுத்தது.

அந்த நிறையை அவன் கை அறிந்தது.

சிவதர்சினி தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அந்த இரண்டு வருடத்தில் அவன் கண்டிராத ஒரு அமைதி அவள் முகத்தில் இருந்தது. விரலை உதட்டில் வைத்தாள்.

"அசையாதேங்கோ" என்றாள் மெதுவாக. "இப்பதான் ரெண்டும் கண்ணயருதுகள்."